இரண்டாவது மானிட்டர்: எம்.சி. ரோடு கணக்குகளோடு ஓர் அனுபவம்

மாதத்தின் 14-ஆம் தேதி வந்துவிட்டால் என்னைப் போலக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு வேலை சூடுபிடித்துவிடும். ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி அறிக்கை வருவது அன்றுதான். நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் விற்பனை விவரத்தை 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்திருப்பார்கள். காலாண்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 13-ஆம் தேதி வரை அவகாசம். அவையெல்லாம் திரண்டு 2பி-யில் வந்து நிற்கும். 20-ஆம் தேதிக்குள் நாம் அந்த மாத வரிக் கணக்கான 3பி-யைத் தாக்கல் செய்தாக வேண்டும். நடுவில் கிடைக்கும் ஆறே நாட்களில், கடையின் கொள்முதல் கணக்கில் இருப்பதும் தளத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பில் பில்லாகப் பார்த்து முடிக்க வேண்டும். ஒரு பில் விட்டுப்போனால், கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் அந்த வரி வரவு அந்த மாதம் கைக்கு வராது. கடைக்காரர் தன் பணத்தைப் போட்டு வரி கட்ட வேண்டியதுதான்.

சென்னை, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள துணிக்கடைகள் சிலவற்றுக்கு நான் வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறேன். சூரத்திலிருந்து புடவை, ஈரோட்டிலிருந்து வேட்டியும் துண்டும், திருப்பூரிலிருந்து பனியன் வகைகள் என்று சரக்கு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு மொத்த வியாபாரியும் பில் எண்ணை ஒவ்வொரு விதமாகப் போடுவார். கடையில் இருக்கும் பையன் 187 என்று பதிந்திருப்பான். 2பி-யில் அதே பில், முன்னால் இரண்டு எழுத்து, பின்னால் நிதியாண்டு, நடுவில் 0187 என்று நிற்கும். கம்ப்யூட்டரைப் பொருத்திப் பார்க்கச் சொன்னால் இரண்டும் வேறு வேறு என்றுதான் சொல்லும். கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தால்தான்.

இரண்டாவது மானிட்டரின் பயன் முழுவதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரே திரையில் வேலை செய்யும்போது ஒரு ஜன்னலில் பார்த்த எண்ணை மனத்தில் பிடித்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போகிறோம். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை யாராலும் அப்படிப் பிடித்துவைக்க முடியாது. பாதி வழியில் தொலைபேசி அடித்தால் போன எண் போனதுதான். திரையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். 15.6 அங்குல லேப்டாப்பில் பிரித்தால் பில் எண்ணும் தேதியும் தெரியும். வரித் தொகை இருக்கும் பத்தி வலப்புறம் மறைந்துவிடும். நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதில் கண்ணும் கையும் சலித்துப்போகும். இரண்டு திரை இருந்தால் இடப்பக்கம் 2பி, வலப்பக்கம் கடைக் கணக்கு இருக்கும் டேலி மென்பொருள். தலை லேசாகத் திரும்பினால் போதும். வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை எதுவானாலும், புத்தகம் மெய்ப்புப் பார்ப்பவராக இருந்தாலும், பத்திரம் எழுதுகிறவராக இருந்தாலும், இந்த வசதியை ஒருமுறை அனுபவித்தவர்கள் ஒற்றைத் திரைக்குத் திரும்ப மாட்டார்கள்.

வாங்கப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் லேப்டாப்பின் பக்கவாட்டையோ கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறத்தையோ நல்ல வெளிச்சத்தில் பார்த்து, அங்கே என்னென்ன துளைகள் இருக்கின்றன என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மானிட்டர் விஷயத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை மானிட்டருக்குள் இருப்பதில்லை. நடுவில் ஓடும் கேபிளிலும் அதன் இரு முனைகளிலும்தான் இருக்கின்றன.

துளைகளை அடையாளம் காண்பது கடினமில்லை. கீழ்ப்பக்கம் இரு மூலையும் உள்நோக்கி ஒடுங்கியிருப்பது எச்.டி.எம்.ஐ.; உள்ளே 19 முனைகள். கிட்டத்தட்ட அதே அளவில் ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டியதுபோல் இருப்பது டிஸ்ப்ளே போர்ட். மூன்று வரிசையில் 15 ஓட்டைகளோடு, பெரும்பாலும் நீல நிறத்தில், இரு பக்கமும் திருகாணி போட இடம் விட்டிருப்பது வி.ஜி.ஏ. இது 1987-இல் ஐ.பி.எம். கம்ப்யூட்டர்களோடு வந்தது, இன்னும் பல அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. இருபக்கமும் வளைந்த சின்ன நீள்வட்டம் யு.எஸ்.பி. டைப்-சி.

டைப்-சி விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். துளையின் வடிவம் ஒன்றாக இருந்தாலும் எல்லா டைப்-சி துளையும் படத்தை அனுப்பாது. சில சார்ஜ் மட்டும் ஏற்றும். வேறு சில துளைகள் கோப்புகளை மட்டும் கடத்தும். துளைக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ, ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற டிஸ்ப்ளே போர்ட் குறியோ இருந்தால் பெரும்பாலும் படம் வரும். குறி எதுவும் இல்லையென்றால் லேப்டாப்பின் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் பார்த்துவிடுங்கள். கேபிளிலும் இதே கதைதான். கைப்பேசியோடு வந்த சார்ஜர் கேபிளை மாட்டினால் அது பெரும்பாலும் படத்தைக் கொண்டுபோகாது.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி இருக்கிறான். ஏதோ ஒரு நிறுவனம் கழித்துவிட்ட மானிட்டர் ஒன்றை நல்ல விலையில் வாங்கி வந்தான். அலுவலகங்களுக்காகச் செய்த மானிட்டர்களில் பலவற்றின் பின்னால் வி.ஜி.ஏ.-வும் டிஸ்ப்ளே போர்ட்டும் மட்டுமே இருக்கும், எச்.டி.எம்.ஐ. இருக்காது. அவனுடைய லேப்டாப்பில் இருந்ததோ எச்.டி.எம்.ஐ. மட்டும். கடையில் கேட்டதற்கு, ஒரு முனை எச்.டி.எம்.ஐ., மறு முனை டிஸ்ப்ளே போர்ட் என்று ஒரு கேபிளை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இரு முனையும் கச்சிதமாகப் பொருந்தின. திரையில் 'நோ சிக்னல்' என்று மட்டும் வந்து நின்றது. "அக்கா, மானிட்டர் போய்விட்டதா, கொஞ்சம் பாருங்கள்" என்று முகம் வாடி வந்து நின்றான்.

மானிட்டருக்கு ஒன்றுமில்லை. அந்த வகைக் கேபிள் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளே போர்ட்டும், மானிட்டர் பக்கம் எச்.டி.எம்.ஐ.-யும் இருந்தால்தான் வேலை செய்யும். தலைகீழாக மாட்டினால் ஒன்றும் வராது. கேபிளின் உறையில் இந்தத் திசையைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அவனிடம் பழைய வி.ஜி.ஏ. கேபிள் இருந்தது. எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ.-வுக்கு மாற்றும் சின்ன கன்வெர்ட்டரை நான் வைத்திருந்தேன். அதை மாட்டியதும் படம் வந்துவிட்டது. எழுத்தின் ஓரம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. மானிட்டரில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' என்றிருக்கும் பொத்தானை அழுத்தியதும் பெருமளவு தெளிந்தது. பிறகு எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாற்றும், யு.எஸ்.பி. வழியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும் கன்வெர்ட்டரை வாங்கிக்கொண்டான். இப்போது துல்லியமாக இருக்கிறது. கன்வெர்ட்டர் கேட்கும்போது எதிலிருந்து எதற்கு என்பதைத் திசையோடு சொல்லிக் கேளுங்கள்: "லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ., மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட்." இப்படிச் சொன்னால் கடையில் இருக்கும் புதுப் பையனுக்கும் குழப்பம் வராது.

பெட்டிக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. திரைக்குப் படத்தை அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு தனியாகப் போட்டிருந்தால் பின்புறம் இரண்டு இடங்களில் எச்.டி.எம்.ஐ. துளை தெரியும்: மேலே யு.எஸ்.பி. துளைகளோடு சேர்ந்து ஒன்று, கீழே கிடைவசத்தில் இருக்கும் கார்டில் ஒன்று. இரண்டு மானிட்டரையும் கார்டின் துளைகளிலேயே மாட்டுங்கள். கார்டு போட்டதும் மேலே இருக்கும் துளை பல பெட்டிகளில் செயலிழந்துவிடும். இன்டெல் பிராசசரின் பெயர் 'எப்' என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் வசதியே கிடையாது. மேல் துளையில் எத்தனை முறை மாட்டினாலும் இருட்டுதான்.

மானிட்டர் வாங்க வடசென்னைக்காரர்கள் பெரும்பாலும் போவது அண்ணா சாலைப் பக்கம் இருக்கும் ரிச்சி தெருவுக்குத்தான். நரசிங்கபுரம் தெருவும் அதனோடு ஒட்டியதே. எங்கள் பகுதியிலிருந்து மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். திரும்பும்போது பெட்டி கையில் இருக்குமே என்று ஆட்டோ பிடித்துவிடுவது நல்லது. பெட்டியைப் படுக்கப்போடாமல் நிமிர்த்தியே பிடித்துக்கொள்ளுங்கள். வால்டாக்ஸ் சாலைப் பள்ளங்களில் பெட்டியின் மேல் வேறு எதையும் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெர்மோகோலையும் பெட்டியையும் உடனே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். உத்தரவாதக் காலம் முடியும் வரை பரணில் இருக்கட்டும்.

பழைய மானிட்டர் வாங்குவதில் தவறே இல்லை. கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழுத்திரையும் வெள்ளை, பிறகு கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால் இறந்துபோன புள்ளிகள் தெரிந்துவிடும். கைப்பேசியில் ஐந்து நிறப் படங்களைச் சேமித்து, ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துச் சென்றால் வேலை சுலபம். கறுப்புத் திரையில் ஓரங்களில் மஞ்சள் வெளிச்சம் கசிகிறதா, எல்லாப் பொத்தானும் அழுந்துகிறதா, கழுத்து ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் ஒட்டிய சீட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும்.

அளவில் பலரும் தடுமாறுகிறார்கள். பெரிதாக இருந்தால் நல்லது என்று 27 அங்குலத்தை வாங்கி, அதில் 1920-க்கு 1080 புள்ளிகள்தான் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதே எண்ணிக்கைப் புள்ளிகளைப் பெரிய பரப்பில் பரப்பினால் எழுத்து சொரசொரப்பாகத் தெரியும். 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளிகள் வரும். 27 அங்குலத்தில் அது 82-ஆகக் குறைந்துவிடும். படம் பார்க்க இது பெரிய குறையில்லை. எண்களையும் தமிழ் எழுத்துகளையும் நாள் முழுக்கப் படிக்கிறவர்களுக்குக் கண் உறுத்தும். சிறிய எழுத்தில் 'ண'-வும் 'ன'-வும், மெய்யின் மேல் இருக்கும் புள்ளியும் கலங்கிவிடும். 27 அங்குலம்தான் வேண்டுமென்றால் 2560-க்கு 1440 புள்ளிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். என் மேசைக்கு நான் எடுத்தது 24 அங்குலம், 1080, ஐ.பி.எஸ். வகைத் திரை. ஐ.பி.எஸ். என்றால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தன் கணக்கைப் பார்க்கும்போது அவருக்கும் தெளிவாகத் தெரியும்.

அதைவிட முக்கியமாக நான் கேட்டு வாங்கியது, உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய தாங்கி. விலை மலிவான மானிட்டர்களில் தாங்கி ஒரே உயரத்தில் நிற்கும். முன்னும் பின்னும் சாய்க்க மட்டுமே முடியும். 'திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்க வேண்டும்' என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் 40 வயதைத் தாண்டி வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்களுக்கு அது அப்படியே பொருந்தாது. இருபார்வைக் கண்ணாடியிலும் புரோகிரெசிவ் கண்ணாடியிலும் கிட்டப் பார்க்கும் பகுதி கீழே இருக்கிறது. திரை உயரமாக இருந்தால் அந்தப் பகுதி வழியாகப் பார்க்க நம்மை அறியாமலே தாடையைத் தூக்கிக்கொண்டு உட்காருவோம். மாலையில் பிடரியும் தோளும் வலிக்கும். கம்ப்யூட்டர் வேலையால் கழுத்து வலி என்று எங்கள் வட்டத்தில் சொல்கிறவர்களில் பலருக்கும் நான் முதலில் சொல்வது, மானிட்டரை நான்கு விரல் கீழே இறக்குங்கள் என்பதுதான். பிறகு திரையின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால், பார்வை இயல்பாகக் கீழ்நோக்கி விழும்.

எதை நேரே வைப்பது, எதைப் பக்கத்தில் வைப்பது என்பதும் வேலையைப் பொறுத்தது. இரண்டையும் சரிபாதியாக வைத்து நடுவில் உட்கார்ந்தால், எந்தத் திரையைப் பார்த்தாலும் கழுத்து திரும்பியபடியே இருக்கும். நாளின் பெரும்பகுதி எதைப் பார்க்கிறோமோ அது மூக்குக்கு நேராக இருக்க வேண்டும். கீபோர்டும் அதற்கு நேராக. மற்றது பக்கத்தில், உள்நோக்கிக் கொஞ்சம் திரும்பியபடி.

எங்கள் பக்கத்து வீடுகளில் இடம் என்பது எப்போதும் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய பொருள். மேசையின் ஆழம் ஒன்றரை அடிதான் இருந்தால் மானிட்டரின் தாங்கி அதில் பாதியை விழுங்கிவிடும். அப்போது மேசை விளிம்பில் கவ்விக்கொள்ளும் 'மானிட்டர் ஆர்ம்' உதவும். மானிட்டரின் முதுகில் சதுர வடிவில் நான்கு திருகாணி ஓட்டைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவற்றுக்கிடையே 75 மில்லிமீட்டர் அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஆர்ம் அந்த அளவுக்கு ஒத்துவர வேண்டும். மெல்லிய பிளைவுட் மேசையாக இருந்தால் கவ்வும் இடத்தில் கீழே ஒரு கட்டைத் துண்டைக் கொடுத்து இறுக்குங்கள். சுவரில் அடிக்கலாமா என்றால், பழைய சுண்ணாம்புச் சுவரைத் துளைக்கும் முன் கொத்தனாரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஜன்னல் வெளிச்சம் திரைக்கு எதிரேயும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் வரட்டும்.

மின்சார விஷயத்தை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதில் அலட்சியம் காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். பழைய வீடுகளில் சுவிட்ச் பலகையில் மூன்று ஓட்டைகள் இருக்கும். மேலே இருக்கும் எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது அதன் உலோகப் பகுதியில் புறங்கையை வைத்தால் 'சுருசுரு' என்று ஓர் உணர்வு வரும் அல்லவா, அது சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்னோட்டம். எர்த் இருந்தால் அது தரையோடு போய்விடும். இல்லாவிட்டால் போக வழியில்லாமல் லேப்டாப்பின் உலோகத்திலேயே நிற்கும். இந்த நிலையில் லேப்டாப்பை ஓர் அறையின் பிளக்கிலும் மானிட்டரை வேறொரு பிளக்கிலும் போட்டு, இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் கேபிளைச் செருகினால், அந்த மின்னழுத்த வேறுபாடு கேபிள் வழியே பாயும். எச்.டி.எம்.ஐ. துளைக்குள் இருக்கும் நுண்ணிய பாகங்கள் அதைத் தாங்காது. துளை எரிந்தால் பல லேப்டாப்களில் மதர்போர்டையே பழுது பார்க்க வேண்டிவரும்.

அதனால் என் வழக்கம் இதுதான். மானிட்டரும் லேப்டாப் சார்ஜரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், மூன்று பின் பிளக்கோடு. முதலில் இரண்டையும் அணைத்து, கேபிளை இரு முனையிலும் மாட்டி, அதன் பிறகு சுவிட்சைப் போடுவேன். எலக்ட்ரீசியன் வேறு வேலைக்கு வந்திருக்கும்போது எர்த் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லிவிடுங்கள். மின்சாரம் வரும் பேஸ் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் பல்பு முழுப் பிரகாசத்தோடு எரிய வேண்டும். மங்கினாலோ எரியாவிட்டாலோ எர்த் சரியில்லை என்று பொருள். சில நூறு ரூபாய் செலவுக்கு யோசிக்க வேண்டிய இடமில்லை இது.

இனி மாட்டுவது. மானிட்டரை ஆன் செய்ததும் தானாகப் படம் வரவில்லையென்றால், அதன் கீழ்விளிம்பிலோ பின்புறத்திலோ இருக்கும் பொத்தானை அழுத்தி 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' என்ற இடத்தில் நீங்கள் கேபிள் செருகிய துளையைத் தேர்ந்தெடுங்கள். எச்.டி.எம்.ஐ. 1-இல் செருகிவிட்டு மானிட்டர் எச்.டி.எம்.ஐ. 2-ஐப் பார்த்துக்கொண்டிருந்தால் 'நோ சிக்னல்'தான் வரும். விண்டோஸில், விண்டோஸ் பொத்தானோடு, 'பிரிண்ட்' என்பதன் முதல் எழுத்தான 'பி'-யைச் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் காட்டும். 'டூப்ளிகேட்' என்றால் இரு திரையிலும் ஒரே காட்சி; இரண்டுக்கும் பொதுவான அளவுக்கு இறங்கிவருவதால் எழுத்து மங்கலாகவும் தெரியும். நமக்கு வேண்டியது 'எக்ஸ்டெண்ட்'. அதைத் தேர்ந்தால்தான் இரண்டாவது திரை தனி இடமாகத் திறக்கும். மானிட்டரை வாங்கி வைத்துவிட்டு, இரண்டிலும் ஒன்றே தெரிகிறது, இதற்கா பணம் கொடுத்தோம் என்று சொல்கிறவர்கள் தவறவிட்டது இந்த ஒரு தேர்வைத்தான்.

அடுத்து 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே' என்று போனால் 1, 2 என்று எண் போட்ட இரண்டு கட்டங்கள் தெரியும். 'ஐடென்டிபை' என்பதை அழுத்தினால் எது எந்தத் திரை என்று திரைகளிலேயே எண் பெரிதாக வரும். மேசையில் எந்தப் பக்கம் எது இருக்கிறதோ அதே போலக் கட்டங்களை மவுஸால் இழுத்து வைத்து, 'அப்ளை' கொடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மவுஸை வலப்புறம் தள்ளினால் இடப்பக்கத் திரையில் போய் எட்டிப் பார்க்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். லேப்டாப்பின் திரை சிறியது, மேசையில் தாழ்வாக இருக்கும். அதில் புள்ளிகளும் குறைவாக இருந்து, கட்டங்களை மேல்விளிம்பு ஒட்டி வைத்துவிட்டால், கீழ்ப்பகுதியில் மவுஸ் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடலாம். லேப்டாப் கட்டத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி, கண்ணுக்குத் தெரியும் உயரத்துக்கு ஏற்ப வைத்தால் மவுஸ் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

அதே பக்கத்தில் 'ஸ்கேல்' என்று ஒன்று இருக்கிறது. லேப்டாப்பில் 125 அல்லது 150 சதவீதமும் மானிட்டரில் 100 சதவீதமும் வைத்தால் இரு திரையிலும் எழுத்து ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியே மாற்றலாம். 'ரெசல்யூஷன்' என்ற இடத்தில் 'ரெக்கமென்டட்' என்று எழுதியிருப்பதை மாற்றாதீர்கள்; எழுத்து சிறியதாகத் தெரிகிறது என்று அதைக் குறைத்தால் எல்லாம் புகைபிடித்ததுபோல் ஆகிவிடும். எழுத்தைப் பெரிதாக்க 'ஸ்கேல்'தான் சரியான வழி. அதன் பிறகும் எழுத்தின் ஓரம் திருப்தியாக இல்லையென்றால் விண்டோஸ் தேடலில் 'கிளியர்டைப்' என்று தட்டுங்கள். ஒவ்வொரு திரைக்கும் மாதிரி எழுத்துகளைக் காட்டி எது தெளிவாக இருக்கிறது என்று கேட்கும்.

திறந்திருக்கும் ஜன்னலை மவுஸால் இழுத்துக்கொண்டு போகலாம். எனக்குக் கைவந்தது விண்டோஸ், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அழுத்துவது. ஜன்னல் அப்படியே அடுத்த திரைக்குத் தாவும். நீண்ட பேங்க் ஸ்டேட்மென்ட் பார்க்கும் நாட்களில் மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி, 'ஓரியன்டேஷன்' என்ற இடத்தில் 'போர்ட்ரெய்ட்' கொடுத்துவிடுவேன். ஒரு முழுப் பக்கம் நகர்த்தாமலே தெரிகிறது. எல்லாத் தாங்கியும் அப்படித் திரும்பாது என்பதால் வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் கடைக்காரர் ஒருவர் வீட்டில் இருந்த 43 அங்குல டி.வி.-யையே இரண்டாவது திரையாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். விருந்தினருக்குப் புடவைப் படங்களைக் காட்ட நன்றாக இருக்கும். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் டி.வி.-யின் பட அமைப்பில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் பிட்' என்று இருப்பதை மாற்ற வேண்டும். 'பி.சி.' என்ற அமைப்பு இருந்தால் எழுத்து தெளிவாகும். மேக்புக் வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: எம்1 சிப் உள்ள மேக்புக் ஏர் நேரடியாக ஒரே ஒரு வெளித் திரையைத்தான் ஏற்கும்.

மின்வெட்டு வந்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது. லேப்டாப் பேட்டரியில் ஓடும், மானிட்டர் அணைந்துவிடும். ஆனால் எச்.டி.எம்.ஐ. கேபிள் செருகியே இருப்பதால் மானிட்டர் இன்னும் இருக்கிறது என்றே பல லேப்டாப்கள் நினைத்துக்கொண்டிருக்கும். பாதி அடித்த 3பி கண்ணுக்குத் தெரியாத திரையில் கிடக்கும். விண்டோஸ் பொத்தானோடு 'பி'-யை அழுத்தி 'பி.சி. ஸ்கிரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தால் எல்லா ஜன்னலும் லேப்டாப்புக்கு ஓடிவந்துவிடும். பெட்டிக் கம்ப்யூட்டர் என்றால் பெட்டியோடு மானிட்டரையும் யு.பி.எஸ்.-இல் போட்டாக வேண்டும். பெட்டி மட்டும் ஓடி மானிட்டர் அணைந்தால் சேமிக்க என்ன தெரியும்? 24 அங்குல எல்.இ.டி. மானிட்டர் 20 முதல் 30 வாட் வரைதான் இழுக்கும்; சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்கும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். அது சூடாகும் நேரத்தில் இழுக்கும் மின்சாரம் யு.பி.எஸ்.-ஐயே அணைத்துவிடும்.

திடீரென்று திரை கறுத்தாலோ விட்டு விட்டுத் துடித்தாலோ மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், 'பி' நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். இந்த 'பி' ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவதாக வருவது. கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியவில்லை என்றால் கேபிள்தான் அடுத்த சந்தேகம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும்: மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பியில் துரு ஏற்றும் அதே உப்பு கேபிள் முனைகளிலும் மெல்லப் படிகிறது. வி.ஜி.ஏ. கேபிளின் திருகாணிகள் துருப்பிடித்து இறுகிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேபிளை இரு முனையிலும் கழற்றி, ஓரிரு முறை செருகி எடுத்து மறுபடி மாட்டினால் பல நேரங்களில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் வேறொரு கேபிளைப் போட்டுப் பார்த்த பிறகே மானிட்டர் மேல் பழியைப் போட வேண்டும்.

திரையில் படியும் தூசும் எங்கள் பக்கம் பிசுபிசுப்பாகத்தான் இருக்கும். மானிட்டரை அணைத்து, ஆறியபிறகு, மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் முதலில் உலர்ந்த துடைப்பு. கறை போகவில்லையென்றால் துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த திரவத்தைத் திரையில் படவே விடாதீர்கள். மேலே இருக்கும் பூச்சு திட்டுத் திட்டாகப் போய்விடும். தண்ணீரைக் கூட நேரே திரையில் தெளிக்கக் கூடாது, கீழ்விளிம்பில் இறங்கி உள்ளே போய்விடும்.

தொழிலுக்காக வாங்குகிறவர்களுக்குக் கணக்குக்காரி என்ற முறையில் ஒன்று. பில் போடும்போதே உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து அதில் ஏற்றச் சொல்லுங்கள். மானிட்டருக்குக் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்த வரித் தொகையை நீக்கிவிட்டு, மீதி விலைக்கு மட்டுமே தேய்மானம் எழுத வேண்டும். அடுத்த மாதம் 14-ஆம் தேதி உங்கள் 2பி-யில் அந்தக் கடையின் பில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வரவில்லையென்றால் அன்றே கடைக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.